பூஜ்ஜியமாவது நிமிடம்

டெம்போவின் பின்னால் கல்யாணச் சமையலுக்கான ஒரு பெரிய வார்ப்பு கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் பொன்னையன் உட்கார்ந்திருந்தார். அவரைப் பிடிப்பதற்காக அஷ்வதி பாறசாலையிலிருந்து ஹைவேயில் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்தாள்.

“மாமா! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க!”

பொன்னையன் காதருகே கையை வைத்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினார். பிறகு டிரைவர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். டெம்போ வேகமெடுத்தது. காது கேட்காதவர் செய்கிற காரியம் இல்லை அது.

மணி மூன்று பத்து. சனிக்கிழமை. ஐந்து மணிக்கு ஒரு ரிப்போர்ட் கமிட்டிக்குப் போகிறது. அதில் அஷ்வதியின் பெயருக்கு நேராக ‘ரத்த டியூப்களை மாற்றிவிட்டவர்’ என்று எழுதப்படுமா, எழுதப்படாதா என்பது வார்ப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் மனிதரின் வாயில் இருந்தது. மூன்று நாளாக அவர் அந்த வாயைத் திறக்கவில்லை.

காட்டாக்கடைக்காரியான அஷ்வதி திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு வருடமாக ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு தின்றவன் குடலும், முட்டை தின்றவன் குடலும், தேங்காய்ப்பால் குடித்தவன் குடலும் ஒரே பேச்சையா பேசுகின்றன?

இல்லை என்பது உலகத்துக்கு ஏற்கெனவே தெரியும். அமரவிளையில் பழைய எல்லைச் செக்போஸ்ட் இருந்த நாட்களைக் கண்டவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். குடலும் ஒரு செக்போஸ்ட்தான். உள்ளே வருகிற சரக்கைப் பார்த்துச் சீட்டு எழுதி ரத்தத்தில் விடும். அந்தச் சீட்டுகளுக்கு ஹார்மோன் என்று பெயர். சர்க்கரை வந்தால் ஜிஐபி என்றொரு சீட்டு. கொழுப்பு வந்தாலும் ஜிஐபி உண்டு. ஆனால் கூடவே சிசிகே என்று இன்னொன்றும் வரும். முட்டை, மீன் மாதிரிப் புரதம் வந்தாலும் சிசிகே எழுந்துகொள்ளும். வெறும் சர்க்கரைக்கு மட்டும் அது அசையாது, போர்த்திக்கொண்டு தூங்கும். மூன்றாவதாக ஒரு ஹார்மோனும் உண்டு. அதன் நகலை இப்போது உடம்பு மெலிய ஊசியாகவே விற்கிறார்கள். அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

எல்லைப்புறத்து ஊர்களிலிருந்து பன்னிரண்டு பேரைச் சேர்த்து, பாறசாலைப் பக்கத்தில் ஒரு சர்ச்சின் சபை ஹாலில் மூன்று ஞாயிறுகள் இந்தச் சோதனை நடந்தது. முதல் முறை மரச்சீனி; குடலுக்கு அதுவும் சர்க்கரைதான். இரண்டாம் முறை முட்டை வெள்ளைக்கரு. மூன்றாம் முறை, ஜூன் முதல் ஞாயிறு, தேங்காய்ப்பால். ஒவ்வொரு முறையும் வெறும் வயிற்றில் ஒரு டியூப் ரத்தம்: அது பூஜ்ஜியமாவது நிமிடம். பிறகு தின்னக் கொடுத்து, நேரம் பார்த்து நான்கு முறை ரத்தம்.

மூன்றாம் ஞாயிறின் பூஜ்ஜியமாவது நிமிடத்தில்தான் பொன்னையன் வம்பு செய்திருந்தார். வெறும் வயிறு என்று சொன்ன மனிதரின் ரத்தத்தில் சர்க்கரை மேலே, இன்சுலின் மேலே, ஜிஐபி தென்னை மரத்தின் உச்சியில். சிசிகே மட்டும் தரையில்.

அஷ்வதியின் கைடு ஒரு மதுரைக்காரர். அவர் அந்தத் தாளை ஒருமுறை பார்த்தார்.

“இது தேங்காய்ப்பால் நாள் ரத்தமே இல்லம்மா. மரச்சீனி நாள் ரத்தம். அன்னைக்கு இவரோட உபரி டியூப் ஒண்ணு உடைஞ்சு போச்சுன்னு எழுதி வச்சிருக்கியே, அது உடையல. ரேக் மாறி இங்க வந்து உட்கார்ந்திருக்கு.”

“உடைஞ்சது சார். கண்ணாடிய நானே பெருக்கினேன்.”

“அப்ப இந்த ஆளு காலையில சக்கரையா எதையோ முழுங்கியிருக்கான். என்ன, எவ்வளவு, எப்போ. கையெழுத்தோட கொண்டா. இல்லேன்னா டியூப் மாறிப் போச்சுன்னுதான் எழுதுவேன். ஒண்ணு மாறியிருந்தா மத்த டியூப்பையும் எவன் நம்புவான்?”

ஒருவனும் நம்பமாட்டான். இரண்டு வருடம் குப்பைக்குப் போகும்.

எங்கே ஓடினாலும் வார்ப்பு இறங்க வேண்டிய இடத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். டெம்போ அமரவிளையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் நின்றது. வாடகைப் பாத்திரக் கடை நடத்துகிற பொன்னையன், வயது அறுபத்திரண்டு, வெள்ளைச் சட்டையின் கையை மடக்கிவிட்டுக்கொண்டு இறங்கினார். அஷ்வதி ஸ்கூட்டரைக் குறுக்கே போட்டாள்.

“எதுக்கு மாமா ஓடுறீங்க?”

“நான் எங்க ஓடினேன்? வண்டியாக்கும் ஓடினது. நான் இருந்தேன்.”

“மூணு நாளா ஃபோன் எடுக்கல்ல.”

“சார்ஜ் இல்ல மக்கா.”

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. பொன்னையன் அதை எடுத்துப் பார்த்தார். அணைத்தார்.

“இப்பம் தீந்து போச்சு” என்றார்.

“மாமா, ஒரே ஒரு கேள்வி. அந்த மூணாவது ஞாயிறு, நான் ரத்தம் எடுக்கிறதுக்கு முன்ன, என்ன தின்னீங்க?”

“ஒண்ணும் தின்னல்ல.”

“என்ன குடிச்சீங்க?”

“வெள்ளம். பல்லு தேச்சிட்டு ஒரு கிளாஸ் பச்சவெள்ளம். அது குடிக்கலாம்னு நீதானே சொன்னா?”

“வேற?”

“குடிக்கல்ல. நான் கள்ளம் பறைஞ்சு நீ எப்பமாவது கண்டிட்டுண்டா?”

கண்டதில்லை. அவர் பொய் சொல்லி யாரும் கண்டதில்லை. சாம்பார் எப்படி என்று கேட்டதற்கு, பெண்ணின் அப்பா பக்கத்தில் நிற்கும்போதே, உப்பு போட மறந்துட்டாங்க என்று சொல்லி ஒரு கல்யாண ஆர்டரை இழந்தவர் அவர். அதன் பிறகும் சாம்பாரைப் பற்றி அவரிடம் கேட்கிறவர்கள் குறையவில்லை. அவர் பதிலும் மாறவில்லை.

“உங்க ரத்தம் வேற சொல்லுது மாமா.”

“ரத்தம் பேசுமா?”

“பேசும். நான் எழுதி எடுத்திருக்கேன்.”

பொன்னையன் தன் இடது முழங்கையின் மடிப்பைப் பார்த்தார். வீட்டு ரகசியத்தை வெளியே சொல்லிவிட்ட சொந்தக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“எலே ஜெயதாஸ், வார்ப்பைப் பைய எறக்கு. காது ஒடிஞ்சா உனக்க காதை ஒடிப்பேன்” என்று டிரைவரிடம் கத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “மக்கா, தின்னியான்னு கேட்டா தின்னல்ல. குடிச்சியான்னு கேட்டா குடிக்கல்ல. பைபிள் மேல கை வச்சும் சொல்லுவேன். அதுக்கு மேல…”

“அதுக்கு மேல?”

“அதுக்கு மேல நீ ஒண்ணும் கேக்கல்லியே.”

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார். உள்ளே இருபது பேர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் போன மனிதரைக் கூப்பிட்டு என்ன பயன். ஜெயதாஸ் வார்ப்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவளைக் கடந்தான். வார்ப்புக்குள்ளிருந்து, “அக்கா, ஸ்கூட்டர எடுங்க, எனக்குக் கண்ணு காணல்ல” என்று குரல் வந்தது.

மூன்று நாற்பது. கணவன் சொல்லாததை மனைவி சொல்வாள் என்பது துப்பறியும் தொழிலில் பழைய விதி. அஷ்வதி வந்த வழியே பாறசாலைக்குத் திரும்பினாள்.

செல்லபாய் வீட்டின் பின்புறத்தில் துவைத்த துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பேண்ட் சட்டையோடு ஒரு பெண் தன் கணவரைத் தேடி மூன்று நாளில் நான்காம் முறையாக வருவதை அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டன் சாயா வேண்டுமா என்று கேட்டாள்.

“வேண்டாம் மாமி. அந்த ஜூன் மாச ஞாயிறு காலையில மாமா என்ன தின்னாரு?”

“எனக்குத் தெரியாது பிள்ளே. நான் அண்ணைக்குக் கோவிலுக்குப் போகல்ல. என்னா மழை! எனக்க முட்டுவலியும் வச்சிட்டு நான் எங்க போறது?”

“வீட்ல ஏதாவது சாப்பிட்டுட்டுப் போனாரா?”

“ஒரு வாய் தொடல்ல. டாக்டர் பிள்ளைக்கு வாக்குக் குடுத்தேன்னு சொல்லிட்டு, நான் அவிச்ச புட்டை மூஞ்சியத் திருப்பிட்டுக் கடந்து போன ஆளாக்கும். மத்தியானம் திரும்பி வந்தும் சோறு வேண்டாம்னு கிடந்துட்டாரு.”

அப்போது அஷ்வதியின் ஃபோன் அடித்தது. கைடு. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கர் தானாக ஆனாகிவிட்டது.

“மணி நாலும்மா. என்ன ஆச்சு?”

“அவரோட வீட்ல இருக்கேன் சார். அவங்க வீட்டம்மாகிட்ட கேட்டுட்டு இருக்கேன்.”

“அவங்ககிட்ட குடு. அம்மா, உங்க வீட்டுக்காரர் அன்னைக்கு என்ன சாப்பிட்டார்னு கொஞ்சம் சொல்லுங்க. இந்தப் பொண்ணோட படிப்பே அதுலதான் இருக்கு.”

செல்லபாய் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். அஷ்வதியின் முகத்தைப் பார்த்தாள். படிப்பு என்ற சொல் அவளை ஏதோ செய்தது.

“சாப்பாடு ஒண்ணும் இல்ல சாரே. முந்திரியாக்கும்.”

சொன்னவுடன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“முந்திரியா! எவ்வளவு?”

“அதொண்ணும் எனக்குத் தெரியாது. மீசையில மணம் இருந்து. சட்டையிலயும் பட்டிருந்து. என்னன்னு கேட்டதுக்கு, அதை விடுன்னு சொல்லிட்டாரு. இனி என்கிட்ட ஒண்ணும் கேக்கப்பிடாது.”

ஃபோனில் கைடு பெருமூச்சு விட்டார். அது நல்ல பெருமூச்சாக இல்லை.

“அஷ்வதி, இது தேறாது. முந்திரியில கிட்டத்தட்டப் பாதி கொழுப்பு. மிச்சத்துல புரோட்டீன் வேற. சட்டையில படுற அளவுக்குத் தின்னிருந்தா சிசிகே எழுந்து ஆடியிருக்கணும். ஆடல. அந்தம்மா உனக்கு நல்லது பண்றதா நெனச்சு எதையோ சொல்லுது. டியூப்தான் மாறியிருக்கு. நான் எழுதறேன்.”

“சார், ஒரு நிமிஷம்…”

“எத்தனை நிமிஷம்மா குடுக்கறது?”

அஷ்வதி பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொடியில் வைத்தாள். பொன்னையனின் வெள்ளைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. மூன்றாவது சட்டையின் மார்பில், பலமுறை துவைத்தும் போகாத ஒரு கறை. ஊதா நிறம்.

முந்திரிப் பருப்பு எந்த ஊரில் ஊதா நிறக் கறை வைக்கும்?

“சார், உங்க ஊர்ல முந்திரின்னா என்ன?”

“இதென்னம்மா கேள்வி? முந்திரிப் பருப்பு. பாயசத்துல வறுத்துப் போடறது.”

“எங்க ஊர்ல அது அண்டிப்பருப்பு சார். முந்திரின்னா திராட்சை.”

ஃபோனில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“திராட்சையில கொழுப்பு கிடையாது” என்றார் கைடு மெதுவாக.

“கிடையாது சார்.”

“சக்கரைதான்.”

“ஆமா சார்.”

“அப்ப ஜிஐபி ஏறும். சிசிகே தூங்கும்.” பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. “சரி. ஆனா நாலு பழம் தின்னா இந்த உசரம் வராது. நெறைய வேணும். ஞாயித்துக்கிழமை காலையில, கொட்டற மழையில, அவ்வளவு திராட்சை அந்த ஆளுக்கு எங்க கெடச்சுது? எழுதி வாங்கு. அஞ்சு மணிக்கு நான் அனுப்பிடுவேன்.”

செல்லபாய் சட்டையைத் திருப்பிப் போட்டுக் கறையை மறைத்தாள். பிறகு யாரிடமோ சொல்வது போல வேலியைப் பார்த்துச் சொன்னாள்: “நாளைக்கு முதல் ஞாயிறாக்கும். ஆளு இந்நேரம் கோவில்ல இருக்கும். நான் சொன்னேன்னு சொல்லாத மக்கா.”

“மாமி, நீங்க சொன்னது மதுரைக்காரர் காது வரைக்கும் போயாச்சு” என்று சொல்லி அஷ்வதி ஸ்கூட்டரை எடுத்தாள்.

நான்கு இருபத்தைந்து. கோவில் என்று செல்லபாய் சொன்ன அந்தச் சர்ச்சின் பக்கவாட்டில் ஒரு சிறிய அறை திறந்திருந்தது. உள்ளே பொன்னையன் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மேசையில் துளை போட்ட மரத்தட்டுகள். துளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கப்புகளைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலை விட்டால் நிறைந்துவிடும் அளவுள்ள கப்புகள். பக்கத்தில் ஒரு பெரிய பாட்டில். அதற்குள் ஊதா நிறம்.

அஷ்வதியைப் பார்த்ததும் அவர் பின்பக்கக் கதவைப் பார்த்தார். அது பூட்டியிருந்தது. பூட்டியவர் அவர்தான்.

“இது என்ன மாமா?”

“முந்திரிச்சாறு. சீனி போட்டுக் காய்ச்சி வடிச்சது. போதை ஒண்ணும் கிடையாது. இராப்போஜனத்துக்கு உள்ளது.”

“ராத்திரிச் சாப்பாடா?”

“காலையிலயாக்கும். பேரு அங்ஙன.” காட்டாக்கடையின் இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பொறுமையாகச் சொன்னார். “மாசம் முதல் ஞாயிறு கர்த்தருக்க பந்தி. ஜெபிச்சு, ஆளுக்கு ஒரு துண்டு அப்பம், ஒரு கப் சாறு.”

“அன்னைக்கு நீங்க இதைக் குடிச்சீங்களா?”

“குடிக்கல்ல.”

“மாமா!”

“ஆரும் இதைக் குடிச்சேன்னு சொல்லமாட்டாங்க மக்கா. தின்னேன்னும் சொல்லமாட்டாங்க. எடுத்தேன்னாக்கும் சொல்லுவோம். இராப்போஜனம் எடுத்தாச்சான்னு கேப்போம், எடுத்தேன்னு சொல்லுவோம். நீ தின்னியான்னு கேட்டா. குடிச்சியான்னு கேட்டா. எடுத்தியான்னு கேட்டியா?”

கேட்கவில்லை. அவளுடைய படிவம் நான்கு பக்கம். மலையாளத்திலும் தமிழிலும் உண்டு. ஐந்து பேராசிரியர்கள் படித்துத் திருத்தியது. ‘உண்டீர்களா’ என்று ஒரு கட்டம், ‘பருகினீர்களா’ என்று ஒரு கட்டம். எடுத்ததற்குக் கட்டம் இல்லை.

அவள் ஒரு கப்பில் தண்ணீர் ஊற்றி, பையிலிருந்த சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தாள். ஐந்தரை மில்லி. ஒரு ஸ்பூன்.

“இது ஒரு கப் எடுத்தா ஜிஐபி கண்ணைக்கூடத் திறக்காது மாமா. எத்தனை எடுத்தீங்க?”

பொன்னையன் துடைத்த கப்பையே மறுபடி துடைத்தார்.

“அண்ணைக்கு மழை.”

“தெரியும்.”

“நூத்தி நாப்பது பேருக்கு ஊத்தி வச்சாச்சு. வந்தது அறுபத்தி மூணு பேரு. எனக்கும் சேத்துதான் அந்தக் கணக்கு.”

“மிச்சத்தைப் பாட்டில்ல ஊத்தி வைக்க வேண்டியதுதானே?”

“ஜெபிச்ச பிறகு அது வெறும் சாறு இல்ல. திரும்ப ஊத்தப்பிடாது. ஓடையில கொட்டப்பிடாது. நாளைக்குன்னு எடுத்து வைக்கப்பிடாது. எடுத்துத் தீக்கணும். அதாக்கும் முறை.”

“எழுபத்தேழு கப்பா?”

“எனக்க பங்கோட எழுபத்தெட்டு.” அவர் சாம்பாருக்கு உப்பில்லை என்று சொன்ன அதே குரலில் சொன்னார். “நின்ன நிலையில எடுத்தேன். எடுத்திட்டு நேரே உனக்க பெஞ்சில வந்து இருந்தேன். வெறும் வயிறுதானே மாமான்னு கேட்டா. வெறும் வயிறுன்னு சொன்னேன். அதிலயும் கள்ளம் இல்ல. அது வயித்துக்கு உள்ளது இல்லியே.”

அஷ்வதி சுவரில் சாய்ந்துகொண்டு கணக்குப் போட்டாள். நானூற்றிச் சொச்சம் மில்லி. காய்ச்சிய சாறு, போட்ட சீனி. எப்படியும் நூறு கிராம் சர்க்கரை. எடுத்து இருபது நிமிடத்தில் ஊசி. கொழுப்பு இல்லை, புரதம் இல்லை. செக்போஸ்ட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, சீட்டிலும் பிழையில்லை. சரக்கின் பெயரைத்தான் இவள் கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறாள்.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். நாள், நேரம், முந்திரிச்சாறு என்று எழுதி அடித்து, திராட்சைச்சாறு, எழுபத்தெட்டு கப். பொன்னையன் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். ‘குடித்தேன்’ என்று இருந்ததை அடித்து ‘எடுத்தேன்’ என்று தன் கையால் திருத்தினார். கையெழுத்துப் போட்டார். நான்கு நாற்பத்தொன்பதுக்குப் படம் போனது.

நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கைடு கூப்பிட்டார்.

“கணக்கு சரியா வருதும்மா. ஆனா ஒரு மனுசன் எதுக்கு எழுபத்தெட்டு கப் குடிப்பான்னு கமிட்டி கேக்கும். காரணம் ஒரு வரி.”

அவள் பொன்னையனைப் பார்த்தாள். பொன்னையன் தலையை ஆட்டினார். அதற்கு மேல் சொல்லமாட்டேன் என்று.

“சபை வழக்கம் சார்” என்றாள் அஷ்வதி. “மிச்சம் வைக்கக் கூடாதாம்.”

“சரி. டியூப் மாறலன்னு எழுதிடறேன். அந்த ஒரு நாள் மட்டும் அவருக்குத் திரும்ப எடு. ஞாயித்துக்கிழமை வேண்டாம்.” சற்று நின்று, “அண்டின்னா சொன்ன? அண்டி…” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வைத்துவிட்டார்.

அஷ்வதி தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியது.

“மாமா, முறைன்னு சொன்னீங்களே. முறைப்படி மிச்சத்தை யாரு எடுக்கணும்? நீங்களா?”

“நான் எதுக்கு? நான் கப்பு கழுவுறவனாக்கும். ஜெபிச்ச பாதிரியாரு, எங்க அச்சன், எடுக்கணும்.”

“அப்போ அச்சன் ஏன் எடுக்கல்ல? இதைச் சொல்ல எதுக்கு மூணு நாளு ஓடினீங்க?”

“பேனாவை மூடு.”

மூடினாள்.

“பைக்குள்ள வை.”

வைத்தாள். பொன்னையன் வாசல்வரை போய் இரண்டு பக்கமும் பார்த்தார். தெற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. நாளைக்கும் ஆள் வராது. அவர் மேசைக்குத் திரும்பி, ஒரு தட்டுக் கப்புகளை முழுசாக எடுத்து அலமாரிக்குள் வைத்து அடைத்தார்.

“அச்சனுக்குச் சுகராக்கும்” என்றார். “முந்நூத்திப் பத்து. சபைக்குத் தெரிஞ்சா அவருக்கு ஒரு வீட்டிலயும் பாயசம் குடுக்க மாட்டாங்க.”